ஒன்பது நாள் நீடித்த மார்ச் மூன்று

எங்கள் மாநிலச் சட்டமன்றத்துக்கு அந்த வருடம் இரண்டு சபாநாயகர்கள் இருந்தார்கள். ஒருவர் போதவில்லை என்று ஜனங்கள் யாரும் முறையிட்டதாக எனக்குத் தெரியாது. அறுபத்திரண்டு உறுப்பினர்களில் முப்பத்தொரு பேர் ஆற்றுக்குக் கிழக்கே இருந்து வந்தவர்கள், முப்பத்தொரு பேர் மேற்கே இருந்து வந்தவர்கள். மேற்குக்காரர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் கிழக்குக்காரர்கள் திரு. விட்கமைச் சபாநாயகராகத் தேர்ந்தெடுத்தார்கள். மறுநாள் கிழக்குக்காரர்கள் சாப்பிடப் போனபோது மேற்குக்காரர்கள் கர்னல் டிரிக்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டு தேர்தலிலும் எதிர்த்து ஒரு வாக்குகூட விழவில்லை என்பதால் இரண்டுமே ஏகமனதானவை என்று அறிவிக்கப்பட்டன.

தச்சரை வரவழைத்து, மேடையில் இருந்த நாற்காலியை எடுத்துவிட்டு, இருவர் உட்காரும் பெஞ்சு ஒன்றைப் போட்டார்கள். ஆளுக்கொரு சுத்தியல். இரண்டு சுத்தியலும் ஒரே நேரத்தில் மேசையில் விழுந்தால்தான் எதுவும் நிறைவேறியதாக ஆகும் என்று முடிவாயிற்று. ஐம்பத்தொன்பது நாளில் அவை சேர்ந்து விழுந்தது மதியச் சாப்பாட்டுக்கு மட்டும்தான்.

நான் அங்கே அவைக்குறிப்பு எழுதும் எழுத்தராக இருந்தேன். என் கணவர் போரில் இறந்த பிறகு கிடைத்த வேலை. மேடைக்குக் கீழே எனக்கு ஒரு சிறிய மேசை. என் கையெழுத்து நன்றாக இருக்கும். நல்ல கையெழுத்தில் எழுதப்பட்ட எதையும் மனிதர்கள் நம்பிவிடுவார்கள் என்பதை அந்த மேசையில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மாரித் ஹௌகன் வந்தது அறுபதாம் நாள் காலை, மார்ச் மூன்றாம் தேதி. உயரமான பெண். கையில் துணி சுற்றிய ஒரு ரொட்டி, அன்று மாலையே ஊர் திரும்புவதற்கான ரயில் சீட்டு. வாசலில் நின்ற காவலர் டியர்னியிடம் அவள் கேட்டது என் மேசை வரை கேட்டது.

"ஐயா, இங்க சபாநாயகர் யாரு?"

"எந்தச் சபாநாயகர்?"

"ஒருத்தர்தானே இருப்பாங்க?"

டியர்னி அவளை மேலும் கீழும் பார்த்தார். "தூரத்துல இருந்து வர்றியாம்மா?"

"ஸ்டோன் க்ரீக்."

"அதான். போய் அந்த பெஞ்சுல உக்காரு. கூப்பிடுவாங்க."

அவளுடைய மசோதா எனக்குத் தெரியும், அதை நகல் எடுத்தது நான்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் மேற்கே போய்க்கொண்டிருந்த ஒரு வண்டிக் குடும்பம் காலராவில் இறந்து போய், நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று மட்டும் ஹௌகன் வீட்டு வாசலில் மிஞ்சியது. பெயர் ஹெட்டி. பிள்ளையில்லாத மாரித்தும் அவள் கணவர் தோர்கிலும் வளர்த்தார்கள். எங்கள் மாநிலத்தில் அப்போது பிள்ளையைத் தத்தெடுக்க நீதிமன்றத்தில் வழி கிடையாது. ஒவ்வொரு குழந்தைக்கும் சட்டமன்றம் தனியாக ஒரு சட்டம் போட வேண்டும். அந்தச் சட்டம் நிறைவேறும் நாளில், தாயாகப் போகிறவள் நேரில் வந்து, பைபிளில் கை வைத்து, தானும் கணவனும் உயிரோடு இருப்பதாகச் சத்தியம் செய்ய வேண்டும். அது எங்கள் வழக்கம்.

தோர்கிலுக்கு நெஞ்சில் சளியோடு ரத்தம் வர ஆரம்பித்திருந்தது. மாவட்ட ஏழைகள் இல்லத்தின் மேற்பார்வையாளர் ஏற்கனவே வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

"புருஷன் இருக்கிறப்பவே சட்டம் வந்தா பிள்ளை உன்னுது" என்று சொல்லியிருந்தாராம். "இல்லேன்னா நான் கூட்டிக்கிட்டுப் போயிருவேன். விதவைகிட்ட ஊர்ப்பிள்ளைய விடுறதில்ல. ஏழு வயசாச்சு, வேலைக்குக் கேட்குற வீடுங்க நிறைய இருக்கு."

அவள் தொகுதி உறுப்பினர் திரு. கிராண்டல், கிழக்குக் கட்சி, நல்ல மனிதர். பெஞ்சுக்கு வந்து அவள் கையைப் பிடித்துச் சொன்னார்.

"கவலப்படாத மாரித். இன்னிக்கு வந்துரும்."

அவர் பொய் சொல்லவில்லை.

அரசியல் சாசனப்படி எங்கள் அவை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அறுபது நாள்தான் கூட முடியும். அறுபதாம் நாள் நண்பகல் பன்னிரண்டு மணி அடித்தால் எல்லாம் முடிந்துவிடும், நிறைவேறாத மசோதா செத்த மசோதா. இதற்கு எங்கள் முன்னோர் ஒரு வழி வைத்திருந்தார்கள். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது காவலர் ஏணி வைத்து ஏறி, சுவர்க் கடிகாரத்தின் பெண்டுலத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிடுவார். கடிகாரம் பன்னிரண்டு அடிக்காத வரை அறுபதாம் நாள் முடியாது. சாதாரணமாக ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரம் அப்படி நிற்கும். அதற்குள் மிச்சத்தை முடித்துவிட்டுப் பெண்டுலத்தை ஆட்டிவிடுவார்கள்.

அந்த வருடம் மிச்சம் என்பது எல்லாமும்தான். முதலில் வந்தது மாநில முத்திரையில் உள்ள காளை.

கர்னல் டிரிக்ஸ் எழுந்தார். குதிரைப்படையில் இருந்தவர், உட்கார்ந்துகொண்டு பேசுவதைக் கேவலமாக நினைப்பவர்.

"முப்பது வருஷமா இந்தக் காளை கிழக்கப் பாத்துக்கிட்டு நிக்குது. மேற்க இருக்குற எங்க ஜனங்க, உழைக்குற ஜனங்க, முப்பது வருஷமா அதோட பின்பக்கத்தப் பாத்துக்கிட்டு இருக்காங்க. எங்க பிள்ளைங்க பள்ளிக்கூடச் சான்றிதழ்ல அதத்தான் பாக்குதுங்க. எத்தன நாளைக்குங்க இந்த அவமானம்?"

திரு. விட்கம் உட்கார்ந்தபடியே பதில் சொன்னார். வழக்கறிஞர், குரல் வெண்ணெய் மாதிரி இருக்கும்.

"கர்னல் சொல்ற அந்தக் காட்சி கஷ்டமானதுதான், ஒத்துக்குறேன். ஆனா காளை திரும்பினா அதே காட்சி எங்க பக்கத்துக் குடும்பங்களுக்குல்ல வரும்? எங்க பெண்கள் கண்ணியமானவங்க. அவங்க இதுவர அதப் பாத்ததே இல்ல."

கிராண்டல் பாவம், எழுந்து, "காளை நேரா நம்மளப் பாத்து நிக்கட்டுமே" என்றார். பின்பக்கம் தெரியாத காளையைப் பசு என்று பக்கத்து மாநிலம் கேலி செய்யும் என்று இரண்டு கட்சியும் சேர்ந்து அவரை உட்கார வைத்தன. மதியச் சாப்பாட்டைத் தவிர, அறுபது நாளில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

பதினொன்று ஐம்பத்தைந்துக்கு டியர்னி ஏறிப் பெண்டுலத்தைப் பிடித்தார். மாரித் எதற்கென்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருட்டியதும் அவை இடைவேளை விட்டது. நாளை முடித்து வைக்க அதிகாரம் இல்லாததால் அது இடைவேளைதான். பதினான்கு மணி நேர இடைவேளை. உறுப்பினர்கள் விடுதிக்குப் போய்த் தூங்கிவிட்டு, காலையில் வந்து, அதே நாளைத் தொடர்ந்தார்கள். நான் குறிப்பேட்டில் மார்ச் 3 என்று எழுதினேன். மறுநாளும் எழுதினேன். நாலாம் நாள் காலையில் போதகர் வந்து பிரார்த்தனை சொல்லலாமா என்று கேட்டார். ஒரு நாளைக்கு ஒரு பிரார்த்தனைதான் விதி, அது ஏற்கனவே சொல்லியாகிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். அந்த வாரம் எங்கள் அவைக்குள் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. காலையில் மழமழவென்று சவரம் செய்து வந்த உறுப்பினர்களுக்கு அதே நாள் மதியத்துக்குள் தாடி முளைத்திருந்தது. வெளியே பனி விழுந்து, உருகி, மறுபடி விழுந்தது.

கர்னல் டிரிக்ஸ் புதிய விதி ஒன்று கொண்டுவந்தார்: மார்ச் மூன்றுக்குப் பிந்தைய தேதியுள்ள எந்தத் தாளும் அவைக்குள் வரக்கூடாது. செய்தித்தாள்களை டியர்னி வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார். வாசற்படிக்கு அந்தப் பக்கம் மார்ச் ஆறு, இந்தப் பக்கம் மார்ச் மூன்று. ஒரு நாளில் நான் எத்தனையோ தடவை அந்தப் படியைத் தாண்டினேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

மாரித் என் அறையில்தான் தங்கினாள். விடுதிக்குப் போக அவளிடம் வழியில்லை. ஒவ்வொரு நாள் காலையும் ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று கேட்பாள். போக ஒரு நாள், வர ஒரு நாள். அதற்குள் அவள் மசோதாவை அழைத்து, அவள் இல்லையென்றால், அது செத்துவிடும்.

"என்னிக்குத்தான் கூப்பிடுவாங்க?" என்று கிராண்டலிடம் கேட்டாள்.

"இன்னிக்குத்தாம்மா. இன்னிக்கு மட்டும்தான் இருக்கு."

ஒரு மாலை, நான் குறிப்பேட்டை அறைக்குக் கொண்டுபோய்ப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தபோது, அவள் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். ஆங்கிலம் கொஞ்சம்தான் படிப்பாள். தேதி மட்டும் படிக்கத் தெரியும்.

"தினமும் இதேதான் போடுறீங்களா?"

"ஆமா."

"கை கூசலையா?"

"மொத நாள் கூசிச்சு."

 ரொட்டியின் கடைசித் துண்டை இரண்டாக உடைத்து எனக்கும் ஒன்று கொடுத்தாள். அது கல்லாகியிருந்தது. இருவரும் அதைத் தேநீரில் நனைத்துத் தின்றோம்.

எட்டாம் தேதி காலை கிராண்டல் பேசிக்கொண்டே இருந்தவர் பாதி வாக்கியத்தில் மேசைமேல் சாய்ந்தார். காளையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். மருத்துவர் வந்து பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

ஒரு மனிதரை வெளியே தூக்கிக்கொண்டு போன பிறகு அந்த அறையில் இருந்த அமைதி, துக்கத்தின் அமைதி என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பிறகு உறுப்பினர்களின் உதடுகள் அசைவதைப் பார்த்தேன். எல்லோரும் மனதுக்குள் கழித்துக்கொண்டிருந்தார்கள். முப்பத்தொன்றுக்கு முப்பது. மேற்குக் கட்சிக்கு ஒரு வாக்கு அதிகம். ஒரே சபாநாயகர். காளை திரும்பும்.

கர்னல் டிரிக்ஸ் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அதற்குள் விட்கமின் வெண்ணெய்க் குரல் வந்துவிட்டது.

"மாண்புமிகு உறுப்பினர் கிராண்டல் இன்னிக்குக் காலைல வருகைப்பதிவுல 'உள்ளேன்'னு சொல்லியிருக்கார். குறிப்புல இருக்கு. மிஸஸ் ஸ்லோகம், இருக்கா?"

"இருக்கு ஐயா" என்றேன். மார்ச் மூன்றாம் தேதி அவர் சொன்னார்தான்.

"இன்னிக்கு இன்னும் முடியல. அதனால அவர் இருக்கார்."

"பிணம் ஓட்டுப் போடுமாய்யா?" என்று மேற்கிலிருந்து ஒரு குரல்.

"மாண்புமிகு உறுப்பினரப் பிணம்னு சொன்னத வாபஸ் வாங்கணும்!"

"டாக்டர் எழுதிக் குடுத்திருக்காருய்யா!"

"என்ன தேதி போட்டு? எட்டாந்தேதியா? எட்டாந்தேதி போட்ட தாள் உள்ள வரக்கூடாதுன்னு கர்னல்தானே விதி போட்டார்?"

கர்னல் மறுபடி உட்கார்ந்தார். எட்டாம் தேதி வந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டால் ஐந்து நாளாக அவர்கள் செய்த எல்லாம் செல்லாது. அவருடைய சுத்தியலும் செல்லாது. கிராண்டலின் தொப்பியை அவர் மேசையில் வைத்தார்கள். வாக்கெடுப்பு வரும்போது பக்கத்து உறுப்பினர் அந்தத் தொப்பியை உயர்த்தினார். உடலைக் கேட்டு அவருடைய மகன்கள் வந்தார்கள். கூட்டம் நடக்கும் நாளில் உறுப்பினரை அடக்கம் செய்வது உரிமை மீறல் என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதையும் நான் எழுதினேன், நல்ல கையெழுத்தில்.

பத்தாம் தேதி மாரித்துக்குத் தந்தி வந்தது. உள்ளே கொண்டுவர முடியாது என்பதால் டியர்னி அவளைச் சைகையால் அழைத்தார். அவள் என்னைப் பார்த்தாள். நான் கூடப் போனேன். படியைத் தாண்டியதும் நின்று வாசித்தேன். பக்கத்துப் பண்ணையில் இருக்கும் லியன் அம்மா அனுப்பியிருந்தார்.

தோர்கில் இன்று விடியற்காலை போய்விட்டார். உன்னைக் கேட்டார். ஹெட்டி என்னிடம். மேற்பார்வையாளர் வந்து போனார்.

மாரித் தாளை என் கையிலிருந்து வாங்கி, மடித்து, விரித்து, மறுபடி மடித்தாள்.

"ஒரு நாள்ல வந்துர்றேன்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள். "அவருக்கு நான் ஏன் வரலன்னே தெரிஞ்சிருக்காது."

டியர்னி முகத்தைத் திருப்பிக்கொண்டார். நடைபாதையில் வேறு யாரும் இல்லை. நான் என் கறுப்புச் சால்வையை எடுத்து அவள்மேல் போட்டேன்.

அடுத்து நான் செய்ததைப் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவளை ஊருக்கு அனுப்பிவிடச் சொல்லலாம், மசோதாதான் செத்துவிட்டதே என்று நினைத்து, நேராக விட்கமின் அறைக்குப் போனேன். இரக்கத்தால்தான் போனேன். ஆனால் அந்தக் கட்டடத்தில் இத்தனை வருடம் இருந்தவளுக்கு, அங்கே இரக்கம் எதற்குப் பயன்படும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

"எப்பச் செத்தார்?" என்றார் விட்கம்.

"இன்னிக்கு விடியக்காலைல ஐயா. பத்தாந்தேதி."

அவர் சுருட்டைக் கீழே வைத்தார். அவர் முகம் மெதுவாக மலர்வதைப் பார்த்தேன். "பத்தாந்தேதி இன்னும் வரலையே, மிஸஸ் ஸ்லோகம்."

அரை மணி நேரத்தில் கர்னல் டிரிக்ஸ் அந்த அறைக்கு வந்தார். அவைக்கு வெளியே இரண்டு சபாநாயகர்களும் ஒரே அறையில் இருந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. காகிதம் எடுத்துவரச் சொன்னார்கள். விட்கமுக்குப் பயம் என்னவென்றால், அவை கலைந்த பிறகு யாராவது நீதிமன்றத்துக்குப் போய்த் தொப்பியின் வாக்கைக் கேள்வி கேட்பார்கள் என்பது. மார்ச் மூன்றுக்குப் பிறகு இறந்தவர் அவை முடியும்வரை உயிரோடு இருப்பவரே என்று மாரித்தின் சட்டத்திலேயே பதிந்துவிட்டால், யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

"எனக்கென்ன லாபம் அதுல?" என்றார் கர்னல்.

"உங்க பக்கம் எண்பத்து நாலு வயசுல ஒருத்தர் இருக்கார். நேத்து ராத்திரி முழுக்க இருமினார்னு விடுதில சொன்னாங்க."

கர்னல் விரலை மடக்கி எண்ணினார். "ரெண்டு பேர் இருமுறாங்க" என்றார் கடைசியில். "சரி. ஒரு அநாதைக் குழந்தை விஷயம். சபை மனிதாபிமானத்தோட நடந்துக்கணும்."

"அதையேதான் நானும் சொல்ல வந்தேன்."

மாரித்தை அழைத்துவரச் சொன்னார்கள். அவள் சால்வையோடு வந்து நின்றாள். விட்கம் எழுந்து அவளுக்கு நாற்காலி போட்டார்.

"அம்மா, உங்க வருத்தம் எங்களுக்குப் புரியாம இல்ல. ஆனா வருத்தப்பட இன்னும் நேரம் வரல. சட்டப்படி இந்த அவைக்குள்ள உங்க வீட்டுக்காரர் நல்லா இருக்கார். நாளைக்குக் காலைல, அதாவது இன்னிக்கு, உங்க மசோதா மொதல்ல வருது. நீங்க சத்தியம் பண்ணணும், அவ்வளவுதான். குழந்தை உங்களுது."

"அப்புறம் அந்தக் கறுப்ப எடுத்துருங்க" என்றார் கர்னல். "சுமங்கலி பாருங்க நீங்க. உள்ள கறுப்பு போட்டுக்கிட்டு வந்தா ஆட்சேபம் வரும்."

நானும் கறுப்பில்தான் இருந்தேன். என்னுடையது போரைச் சேர்ந்த கறுப்பு, அதற்கு ஆட்சேபம் இல்லை.

அவள் என் அறைக்கு வந்து, விளக்கைக்கூட ஏற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பொய்ச் சத்தியமா இது?"

நான் சொல்ல நினைத்தது, இல்லை என்பதுதான். வேறொன்றைச் சொன்னேன்.

"என் வீட்டுக்காரர் செத்த செய்தி மூணு வாரம் கழிச்சுத்தான் எனக்கு வந்துச்சு" என்றேன். "அந்த மூணு வாரமும் நான் அவருக்குக் காலுறை பின்னிக்கிட்டு இருந்தேன். குளிருமேன்னு கவலப்பட்டேன். ஒரு நாள் அவர்மேல கோபம்கூடப் பட்டேன், கடுதாசி போடலன்னு. அந்த மூணு வாரம் அவர் எனக்கு உயிரோடதான் இருந்தார்."

"அப்ப உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே."

நான் எழுந்து விளக்கை ஏற்றினேன்.

"எங்க ஊர்ல பொய்ச் சத்தியம் பண்ணுனவங்கள கோயில்ல பக்கத்துல உக்கார விடமாட்டாங்க" என்றாள். பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வது போல, "ஹெட்டிக்குப் பால் கறக்கத் தெரியும். அதச் சொன்னா உடனே யாராச்சும் கேட்டு வாங்கிக்கிட்டுப் போயிருவாங்க. நான்தான் கத்துக்குடுத்தேன்."

பதினோராம் தேதி காலை அவை கூடியதும் மசோதா எண் நூற்றுப் பன்னிரண்டு அழைக்கப்பட்டது. மாரித் சாம்பல் நிற உடையில், தலையில் ஒன்றும் இல்லாமல், மேடைக்கு முன்னால் வந்து நின்றாள். அறுபத்தொரு உறுப்பினர்களும் ஒரு தொப்பியும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பைபிளை நான்தான் நீட்டினேன். அவள் அதன்மேல் கையை வைத்தாள்.

"உங்கள் கணவர் தோர்கில் ஹௌகன் இன்று, மார்ச் மூன்றாம் தேதி, உயிரோடு இருக்கிறாரா?" விட்கம் எழுதியதைப் படித்தார்.

 யாரோ ஒருவர் படிக்கத்தில் துப்பினார். கர்னல் சுத்தியலை விரல்களால் உருட்டிக்கொண்டிருந்தார்.

"மார்ச் மூணாந்தேதி காலைல அவர் எந்திரிச்சு உக்காந்தார்" என்றாள் மாரித். "ரொட்டி எடுத்துக்கிட்டியான்னு கேட்டார். ஜன்னலத் தெறந்து வச்சுட்டுப் போ, நீ போறதப் பாக்கணும்னார்."

"ரொம்ப நல்லதும்மா. ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ணு சொன்னாப் போதும்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் பேனாவைப் பார்த்தேன்.

"ஆமா" என்றாள்.

இரண்டு சுத்தியலும் சேர்ந்து விழுந்தன. அறுபது நாளாக மேசையில் கிடந்த மசோதா நாலு நிமிடத்தில் சட்டமாயிற்று. உறுப்பினர்கள் எழுந்து கை தட்டினார்கள். சிலர் கைக்குட்டையை எடுத்தார்கள். தொப்பியும் உயர்த்தப்பட்டது. விட்கம் அவையின் கருணையைப் பற்றிப் பேசினார், கர்னல் தாய்மையைப் பற்றிப் பேசினார். அந்த உற்சாகத்தில் காளை அடுத்த கூட்டத்தொடருக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஒன்பது நாளாக முடியாதது ஒரு மூச்சில் முடிந்தது. எல்லோருக்கும் வீட்டு நினைவு வந்துவிட்டது.

நான் சட்டத்தின் நகலை எழுதி, முத்திரை வைத்து, மாரித்திடம் கொடுத்தேன். ஹெட்டி ஹௌகன் என்ற பெயர் மேலே இருந்தது. அவள் அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தாள். மை இன்னும் காயவில்லை என்று சொல்லி விரலை எடுக்க வைத்தேன்.

டியர்னி ஏணியில் ஏறிப் பெண்டுலத்தை ஆட்டிவிட்டார். இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. அந்த ஐந்து நிமிடத்தைக் குறைக்க அவைக்கு அதிகாரம் இல்லை. உறுப்பினர்கள் மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, பெட்டிகளைக் கையில் பிடித்தபடி நின்றார்கள்.

மாரித் வாசலை நோக்கி நடந்தாள். விட்கம் மேடையிலிருந்து வேகமாக இறங்கி வந்தார்.

"அம்மா, கொஞ்சம் இருங்க. இரங்கல் தீர்மானம் தயாரா இருக்கு. கிராண்டலுக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் சேத்து எழுதியிருக்கோம். பன்னெண்டு அடிச்சதும் படிச்சிருவேன். அஞ்சு நிமிஷந்தான்."

"அதுக்குள்ள காலை ரயில் போயிரும் ஐயா."

"சபை உங்களுக்காக எந்திரிச்சு நிக்கப்போகுதும்மா. இது சாதாரண மரியாதை இல்ல."

"ஜன்னலத் தெறந்தது தெறந்தபடிதான் விட்டுட்டு வந்தேன்" என்றாள் அவள். அவருக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. "யாராச்சும் சாத்துனாங்களோ என்னவோ."

சால்வையைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் வந்தாள். வேண்டாம், வைத்துக்கொள் என்றேன். அவள் அதைப் போர்த்திக்கொள்ளவில்லை. கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, படியில் நின்று, ஒரே ஒரு தடவை திரும்பி அந்த அறையைப் பார்த்தாள். பெஞ்சுகள், படிக்கங்கள், கோட்டு மாட்டிய ஆண்கள். தன் கணவர் இன்னும் நாலு நிமிடம் உயிரோடு இருக்கப்போகும் இடத்தை அவள் அப்படிப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். பிறகு படியைத் தாண்டிப் போனாள். டியர்னி ஏணியிலிருந்து இறங்கித் தொப்பியைக் கழற்றினார்.

கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. கிராண்டல் இறந்தார். தோர்கில் ஹௌகன் இறந்தார். கிழக்குக் கட்சி முப்பதாயிற்று, ஆனால் அதற்குள் அவையே இல்லாமல் போயிற்று. விட்கம் காலி பெஞ்சைப் பார்த்து இரங்கல் தீர்மானத்தைப் படித்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள், ஏற்கனவே நின்றுகொண்டுதான் இருந்தார்கள். பிறகு குனிந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

"எழுதிக்கங்க மிஸஸ் ஸ்லோகம். அவையின் இரங்கலைக் கேட்டு, திருமதி ஹௌகன் கண்ணீர் மல்க நன்றி தெரிவித்தார்."

"அவங்க போயிட்டாங்களே ஐயா."

"குறிப்புல என்ன இருக்கோ அதான் நடந்தது. எத்தன வருஷமா இருக்கீங்க இங்க?"

எழுதினேன். திருமதி ஹௌகன் நன்றி தெரிவித்தார் என்பது உண்மையல்ல. கண்ணீர் மட்டும் உண்மை. தாளில் இரண்டு எழுத்து கலைந்துவிட்டது, மறுபடி அழகாக எழுதினேன். யாருடைய கண்ணீர் என்று குறிப்பில் விளக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.